புதுப்பிப்பு: மருந்தடித்த மாமாவின் இதயத்துடிப்பு (வீட்டுக்கு வந்துவிட்டார்)

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். கல்லல் பக்கம் வயலில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து அடித்த மாமாவுக்கு வாயில் நுரை, வியர்வை, மூச்சுத்திணறல். அட்ரோபின் என்ற முறிவு மருந்தை ஏற்றித் தெளிந்தவருக்கு மூன்றாம் நாள் இசிஜியில் கியூடி (இதயத்தின் கீழறைகள் ஒருமுறை சுருங்கி மீண்டும் தயாராகும் நேரம்) நீண்டிருக்கிறது என்றார்கள். பூச்சிமருந்து இதயத்தையும் தாக்குமா என்பது என் கேள்வி. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தாக்கும். ஆள் தெளிந்து சில நாள் கழித்தும் துடிப்பின் தாளம் தவறலாம் என்று டாக்டரும் சொன்னார்.

"அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள், ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள்" என்று இங்கே ஒரு நர்ஸ் அக்கா எழுதியதுதான் காப்பாற்றியது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவர இருந்தோம். நான்காம் நாள் இரவு மானிட்டர் அலறியது. துடிப்பின் தாளம் தவறி, திரையில் கோடு முறுக்கிய கயிறு மாதிரி ஓடியது. உடனே மெக்னீசியத்தை நரம்பில் ஏற்றினார்கள். பொட்டாசியமும் குறைவாக இருந்தது, அதையும் சரிசெய்தார்கள். ஒன்பதாம் நாள் இசிஜி பழைய நிலைக்கு வந்தது.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று: மருந்து வாய்வழியாகப் போகவே இல்லை. முதுகில் மாட்டும் டேங்கின் மூடி வாஷர் தேய்ந்து கசிந்திருக்கிறது. நனைந்த சட்டையோடு மதியம்வரை அடித்திருக்கிறார். அதைக் கையால் கசக்கித் துவைத்த அயித்தைக்கும் தலைவலி, கண்ணில் நீர்; நல்லவேளை, பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை.

யாருக்காவது இப்படி ஆனால், கையுறை போட்டுக்கொண்டு உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து டப்பாவின் பெயரையும் மறக்காமல் காட்டுங்கள்.