கோன் ஃபில்டர் போட்ட யூனிகார்ன் மழையில் நிற்கிறது: பழைய பாக்ஸுக்கே போய்விடலாமா?

அம்பை_யூனிகார்ன்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்னுடையது 2014 ஹோண்டா யூனிகார்ன் பைக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து பத்தமடை வழியாகத் திருநெல்வேலி டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன ஆனியில் ஒரு கூட்டாளி பேச்சைக் கேட்டு, சைடு கவருக்குள் இருந்த ஏர் ஃபில்டர் பாக்ஸை அப்படியே கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயிலேயே கோன் ஃபில்டர் (பாக்ஸ் இல்லாமல் வெளியே நிற்கும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினேன். 900 ரூபாய். சத்தம் அருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் வினை பிடித்தது. பத்தமடை தாண்டியதும் அடைமழை. வண்டி விக்க ஆரம்பித்தது. முறுக்க முறுக்க இழுவை குறைந்து, கடைசியில் நின்றேவிட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரிக்கட்டை, பெட்ரோல் ஈரம் வேறு. டீக்கடை ஓரமாக அரை மணி நேரம் நின்ற பிறகுதான் கிளம்பியது. மறுநாள் புத்திசாலித்தனமாக ஒரு கேரி பேக்கை ஃபில்டர் மேல் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். சிரிக்காதீர்கள். வீரவநல்லூர் வருவதற்குள் பையை உறிஞ்சி ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டி நின்றது.

கோன் மேல் மாட்டும் தண்ணீர் ஒட்டாத துணி உறை வாங்கலாமா? எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் மழைக்குத் தாங்குமா? பழைய பாக்ஸ் வீட்டு மச்சில்தான் கிடக்கிறது. அதையே மாட்டினால் கூட்டாளி கேலி செய்வான் என்பது தனிக் கவலை.

பாளை_பட்டறை

தம்பி, அந்தக் கூட்டாளியை ஒரு மழை நாளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போங்கள், கேலி தானாக நின்றுவிடும்.

மழையைத் தடுப்பது ஃபில்டர் இல்லை, பாக்ஸ். கம்பெனி பாக்ஸின் வாய் சீட்டுக்கு அடியில், சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராகப் படாத இடத்தில் இருக்கும். தப்பி நுழைகிற துளியும் பாக்ஸின் அடியில் தங்கி, வடிகால் டியூபுக்குள் இறங்கிவிடும். கோன் ஃபில்டரோ பின் சக்கரத்துக்கு முன்னால் திறந்த வெளியில் நிற்கிறது. தண்ணீர் அதன் நூலிழைகளுக்கு நடுவே படலமாக அடைத்துக்கொள்ளும். காற்று குறையும், பெட்ரோல் மட்டும் ஏறும். காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். உங்கள் பிளக் கரியானதும் அதனால்தான். வெயிலில் இதற்கு நேர்மாறு: கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் கோன் போட்டால் காற்று கூடிப்போய் இன்ஜின் சூடேறும். ஜெட் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் பாக்ஸ் மாட்டும்போது பழைய அளவையே போடச் சொல்லுங்கள்.

உறை மாட்டினால் தூறலுக்குத் தாங்கும். ஐப்பசி அடைமழைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

உங்கள் பாக்ஸுக்குள் வருவது பிசின் மாதிரி எண்ணெய்ப் பூச்சு உள்ள பேப்பர் ஃபில்டர். இதைப் பெட்ரோலில் கழுவுவதும் கம்ப்ரஸரில் காற்று அடிப்பதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டும் கூடாது. பூச்சு போய்விட்டால் தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவதுதான் ஒரே வழி. நான் 12,000 கி.மீ.க்கே மாற்றிவிடுவேன். உங்கள் பாதையில் அறுவடைக் காலத்தில் மிஷின் ஓடும்போது பறக்கிற நெல் தூசியைப் பார்த்தால் அதற்கு முன்னாலேயே ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. ஸ்பான்ஜ் ஃபில்டர் வேறு சங்கதி. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்காரர்களைக் கேளுங்கள், கழுவி, காயவைத்து, எண்ணெய் தொட்டுப் பிழிந்து மாட்டியே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மூழ்கிய வண்டிகள் என் பட்டறையில் வரிசை கட்டின. தள்ளிக்கொண்டே வந்தவர்களின் வண்டியில் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்து, சிலிண்டர் தண்ணீரைக் கக்கவைத்தோம். பால் விட்ட டீ மாதிரி இருந்த ஆயிலை இரண்டு முறை மாற்றினோம், ஓடிவிட்டன. ஒருவர் மட்டும் பொறுமை இல்லாமல் செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். தண்ணீர் காற்று மாதிரி அமுங்காதே, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. ஓடும் வெள்ளத்தில் வண்டி நின்றால் சாவியை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளுங்கள். வேட்டி நனைந்தால் காயும்.

காத்தாடி_பணகுடி

அண்ணாச்சி சொன்னதோடு ஒரு சின்ன எதிர்க்கட்சி. காற்றாலைப் பராமரிப்பு வேலை எனக்கு. ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் காற்று தூக்கும் செம்மண்ணில் சட்டை காலரே சிவந்துவிடும். பேப்பர் ஃபில்டருக்கு ஆயுள் போதாமல், கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே உட்காருகிற எண்ணெய்க் காட்டன் ஃபில்டர் போட்டிருக்கிறேன். கோன் இல்லை, கவனியுங்கள். மூன்று வருடமாக மழையிலும் தொந்தரவு இல்லை. ஆனால் சோம்பேறிகளுக்கு ஆகாது. அதற்கான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, அதற்கென்றே விற்கும் எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி புகுந்துவிடும். கூடிப்போனால் காற்றே போகாது.

பாளை_பட்டறை

காட்டனில் எனக்குப் பகை இல்லை தம்பி. பத்துப் பேர் போட்டால் ஒருவர்தான் உங்களைப் போலக் கழுவுகிறார்.

அம்பைத் தம்பி, மச்சிலிருந்து பாக்ஸை இறக்கியதும் வடிகால் டியூபையும் மூடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். பீடிங் விறைத்திருந்தால் மாற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் பையனிடம் சீட்டைத் தூக்கி உள்ளே பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மழையே இல்லாமல் ஃபில்டரை நனைக்கிறவர்கள் அவர்கள்தான்.

அம்பை_யூனிகார்ன்

நேற்று இறக்கினேன் அண்ணாச்சி. பீடிங் நன்றாக இருக்கிறது. ஆனால் டியூபுக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டி, விரல் நீளத்துக்கு அடைத்து வைத்திருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் பாக்ஸுக்குள் குளம்தான். சைக்கிள் கம்பி விட்டுக் குடைந்து எடுத்தேன். ஜெட் மாற்றவே இல்லை, அதனால் அந்த வேலை மிச்சம். புது பேப்பர் ஃபில்டர் மாட்டியாயிற்று.

இன்று காலை மழையில் வீரவநல்லூர் தாண்டினேன், விக்கல் இல்லை. சத்தம்தான் பழையபடி சாதுவாகிவிட்டது. கோன் ஃபில்டரை என்ன செய்ய என்று தெரியவில்லை, கூட்டாளி பாதி விலைக்குக் கேட்கிறான்.