சிக்னல் லீவர் தானாகவே பூட்டிக்கொள்வது எப்படி? பழைய கைகாட்டி கேபின்கள் பற்றி

தடம்மாற்றி கேட்டது:

ரயில் அருங்காட்சியகம் ஒன்றில் பழைய கேபினின் (சிக்னல்களை இயக்கும் அறை) லீவர் பிரேமை, அதாவது லீவர்கள் வரிசையாக நிற்கும் சட்டத்தை, அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இழுத்துப் பார்க்கலாம். சிவப்பு லீவர் ஒன்றைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன், அசையவே இல்லை. அங்கிருந்த பணியாளர் வந்து முதலில் ஒரு கறுப்பு லீவர், அடுத்து ஒரு நீல லீவர் இழுத்துவிட்டு, "இப்ப இழுங்க" என்றார். அதே சிவப்பு லீவர் வந்துவிட்டது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். "இது நடந்திருந்தால்தான் அது" என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவோம். மின்சாரமே இல்லாமல் வெறும் இரும்பில் அதை எப்படிச் செய்தார்கள்? எங்கோ தள்ளி இருக்கும் கைகாட்டி வரைக்கும் இது எப்படிப் போய்ச் சேர்ந்தது? இதையெல்லாம் தினமும் ஓட வைத்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? அதே மாதிரி சின்னதாக ஒன்று செய்து பார்க்க ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கம்பிவழி எழுதியது:

தம்பி, நான் சிக்னல் மெயின்டெய்னராக இருந்து ஓய்வு பெற்றவன். லீவரை இழுப்பவர் மேலே நிற்பார். என் வேலை பெரும்பாலும் அதற்குக் கீழே குனிந்து பார்ப்பது. அதனால் கீழே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு லீவருக்கும் ஒரு தட்டையான இரும்புப் பட்டை உண்டு. டேப்பெட் என்போம். லீவரை இழுத்தால் பட்டை நீளவாக்கில் சில அங்குலம் நகரும். பட்டையின் ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் வெட்டுகள் இருக்கும். பட்டைகளுக்குக் குறுக்கே, வார்ப்பிரும்புத் தொட்டிக்குள், சாய்ந்த மூக்கு வைத்த சின்ன இரும்புக் கட்டைகள் பக்கவாட்டில் மட்டும் நகரும். உங்கள் சிவப்பு லீவரின் பட்டை நகர வேண்டுமானால் அதன் வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கட்டை வெளியே போக வேண்டும். வெளியே போக அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் நீல லீவரின் பட்டையில் வெட்டப்பட்டிருக்கிறது. நீல லீவர் இழுக்கப்படாத வரை அந்த வெட்டு கட்டைக்கு நேரே வராது, கட்டை நகராது, நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சிவப்பு வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிவப்பை இழுத்த பிறகு அதே கட்டை நீலப் பட்டைக்குள் புகுந்து நிற்கும். இனி சிவப்பைத் திருப்பிப் போடாமல் நீலத்தைத் தொட முடியாது. நீங்கள் எழுதும் வரியில் ஒரு பக்க நிபந்தனையை எழுதிவிட்டு மறுபக்கத்தை விட்டுவிட வாய்ப்பு உண்டு. இரும்பில் இரண்டும் ஒரே கட்டையில் வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலிலேயே அழகான விஷயம் இதுதான்.

கறுப்பு பாயிண்ட், அதாவது ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் அமைப்பு. நீலம் அதன் பூட்டு, சிவப்பு ரயிலை நிறுத்தும் சிக்னல். கறுப்பை இழுத்தால் பாயிண்டின் நாக்குகள், அதாவது கூராகச் சீவிய இரண்டு தண்டவாளத் துண்டுகள், நகரும். நீலத்தை இழுத்தால், இரண்டு நாக்குகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியிலுள்ள துளைக்குள் ஒரு முளை நுழையும். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ஜல்லித் துண்டு சிக்கியிருந்தால் துளை நேரே வராது, முளை நுழையாது, நீலம் முழுதாக வராது, ஆகவே சிவப்பும் வராது. இதைச் சோதிக்க, சில மில்லிமீட்டர் கனமுள்ள தகடு ஒன்றை நாக்கின் நுனியருகே வைத்துவிட்டு, "இழு" என்று கேபினைப் பார்த்துக் கை காட்டுவோம். பூட்டு விழக் கூடாது. விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்யாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்.

ரயில் பாயிண்டின் மேல் நிற்கும்போதே யாராவது பூட்டைத் திறந்தால்? அதற்கும் தண்டவாளத்தை ஒட்டிச் சுமார் 12 மீட்டர் நீளத்தில் ஒரு பட்டை வைத்திருந்தார்கள். பூட்டைத் திறக்க அந்தப் பட்டை முதலில் மேலே எழும்பி இறங்க வேண்டும். சக்கரம் ஒன்று மேலே நின்றால் எழும்பாது. அடுத்தடுத்த சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைவிடப் பட்டை நீளமாக இருப்பதால், ரயில் முழுதாகத் தாண்டும்வரை ஏதாவது ஒரு சக்கரம் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த யோசனைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856-ல் பாயிண்டையும் சிக்னலையும் சேர்த்து இயக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். டேப்பெட் முறை 1870-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. செலவு அதிகம் என்று தள்ளிப்போட்ட கம்பெனிகள் நிறைய. 1889 ஜூன் 12-ல் அயர்லாந்தின் அர்மா அருகே, ஏற்றத்தில் இழுக்க முடியாத ஒரு சுற்றுலா ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். பின்பாதி பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. இறந்தவர்கள் 80 பேர், பலர் குழந்தைகள். அந்த ஆண்டே பிரிட்டனில் பயணிகள் பாதைகளுக்கு இன்டர்லாக்கிங் (லீவர்களை இப்படி ஒன்றோடொன்று பூட்டுவது), பிளாக் முறை (ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான்), ரயில் முழுக்கத் தொடர் பிரேக் மூன்றையும் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது.

இனி தூரம். சிக்னலுக்குக் கம்பி போகும், பாயிண்டுக்கு ராடு போகும். கம்பியால் இழுக்கத்தான் முடியும். பாயிண்டைத் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்பதால் அதற்கு ராடு. இரண்டுக்கும் எதிரி வெயில். ஒரு கிலோமீட்டர் எஃகுக் கம்பி, வெப்பநிலை 25 டிகிரி ஏறினால் சுமார் 30 சென்டிமீட்டர் நீளும். கைகாட்டியைச் சாய்ப்பதற்கே அவ்வளவு இழுப்பு தேவைப்படாது. நண்பகலில் லீவரை முழுக்க இழுத்தாலும் கைகாட்டி அரைகுறையாகத் தொங்கும். அது தொல்லை, ஆனால் ஆபத்து இல்லை. ஆபத்து விடியற்காலையில். குளிரில் கம்பி சுருங்கி, லீவரை யாரும் தொடாமலே கைகாட்டியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். தூரத்திலிருந்து வரும் டிரைவருக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் கேபினிலேயே கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் ஓர் அமைப்பு இருக்கும். வெயில் ஏறினால் இறுக்கு, இறங்கினால் தளர்த்து. நல்ல லீவர்மேனுக்கு இழுக்கும் கனத்திலேயே தெரிந்துவிடும், கம்பி எப்படி இருக்கிறது, எங்காவது புல்லி சிக்கியிருக்கிறதா என்று.

ராடுக்கு இப்படிக் கையால் சரிசெய்துகொண்டிருக்க முடியாது. 300 மீட்டர் ராடு அதே வெயிலில் 9 சென்டிமீட்டர் நீளும். பாயிண்ட் நாக்கு நகர வேண்டிய தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்குக் கண்ட வழி, நடுவில் ஒரு கிராங்க் (அசைவின் திசையை மாற்றும் வளைந்த நெம்புகோல்) ஜோடி. முன்பாதி தள்ளினால் பின்பாதி இழுக்கும். இரு பாதிகளும் ஒரே அளவு நீள்வதால் ஒன்றின் நீட்சியை மற்றொன்று விழுங்கிவிடும். காம்பென்சேட்டர் என்று பெயர். இதைப் பாதி வழியில் வைக்க வேண்டும் என்பதுதான் முழு ரகசியமும்.

உழைப்பைக் கேட்டீர்கள். கம்பி ஓடும் ஒவ்வொரு புல்லிக்கும், ராடு உருளும் ஒவ்வொரு ரோலருக்கும் எண்ணெய் வேண்டும். கலாசி (உதவித் தொழிலாளி) எண்ணெய்க் குவளையோடு பாதை நெடுக நடப்பார். மழைக்காலத்தில் ராடுக்கடியில் சேறு சேரும், புல் முளைத்துப் புல்லியைச் சுற்றும். தொட்டியில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டைகளின் மூக்கு வருடக்கணக்கில் தேயும். தேய்ந்தால், பூட்டியிருக்கும் லீவரே கொஞ்சம் நகர ஆரம்பிக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு, எப்போது கட்டையை மாற்ற வேண்டும் என்று பார்ப்பதற்குத்தான் நாங்கள். அந்தத் தொட்டி பூட்டி, முத்திரை வைக்கப்பட்டிருக்கும். அதை நினைத்தபடி திறக்க யாருக்கும் உரிமை கிடையாது.

---

விளக்கேற்றியவர்மகள் எழுதியது:

எங்கள் அப்பா லாம்ப்மேன். அண்ணன் மேலே விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் விளக்குகளைக் கழற்றி வந்து, சிம்னி துடைத்து, திரியை நேராக வெட்டி, எண்ணெய் ஊற்றி, மறுபடி ஏணியில் ஏறி மாட்ட வேண்டும். திரி ஒரு ஓரம் உயர்ந்திருந்தாலும் புகை பிடித்துக் கண்ணாடி கறுத்துவிடும். காற்று மழையில் ஒரு கையால் ஏணி, மறுகையில் எரிகிற விளக்கு. பிறகு ஒரே எண்ணெயில் ஒரு வாரம் எரியும் விளக்குகள் வந்தபோதுதான் தினமும் ஏறுவது குறைந்தது.

உடைந்துபோன சிக்னல் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. பகலில் பார்த்தால் நல்ல நீலம். "பச்சைக் கண்ணாடின்னு சொன்னீங்களே" என்று கேட்டேன். அப்பா சிம்னி விளக்கை அதன் பின்னால் வைத்துக் காட்டினார். பச்சை! மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் என்பதால் கண்ணாடியை நீலம் கலந்து செய்தார்கள். விளக்கின் பின்புறம் சின்னத் துளை ஒன்றும் இருக்கும். சிக்னல் ஆபத்து நிலையில் (ரயில் நிற்க வேண்டிய நிலை) இருந்தால் அதில் வெளிச்சம் தெரியும், வழிவிடச் சாய்ந்தால் ஒரு தகடு வந்து மறைத்துவிடும். இரவில் கேபினில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் தன் லீவர் சொன்னபடி கைகாட்டி கேட்டதா என்று தெரிந்துகொள்வார்.

---

தடம்மாற்றி எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, இருவருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். இரும்பே தப்பைத் தடுத்துவிடும் என்றால் கேபின்காரர் தவறால் விபத்து எப்படி நடந்தது?

---

கம்பிவழி எழுதியது:

லீவர்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பதைத்தான் இரும்பு பார்த்துக்கொள்ளும். தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 1915 மே 22, ஸ்காட்லாந்தில் குயின்டின்ஸ்ஹில். ஒரு உள்ளூர் ரயிலை எதிர்த்தடத்தில் ஒதுக்கி, கேபினுக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார்கள். பணிமாறி வந்த சிக்னல்காரர் வேலைக்கு வந்து இறங்கியதே அந்த ரயிலில்தான். அதை மறந்து, அதே தடத்தில் படைவீரர்கள் வந்த ரயிலுக்கு வழிவிட்டார். மோதிய இடிபாடுகளில் ஒரு எக்ஸ்பிரஸும் வந்து மோதியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தடத்தில் ரயில் நிற்கும்போது சிக்னல் லீவரின் கைப்பிடியில் ஒரு இரும்பு வளையத்தை மாட்டிவைக்க வேண்டும் என்று விதி. மாட்டியிருந்தால் லீவரை இழுக்க முடியாது. அன்று மாட்டவில்லை. நிற்கும் ரயிலின் ஃபயர்மேன் (எஞ்சினில் கரி போடுபவர்) கேபினுக்கு வந்து நினைவூட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் விதி. அவர் வந்து கையெழுத்தும் போட்டார், வளையம் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. தண்டவாளத்திலேயே மெல்லிய மின்னோட்டத்தை விட்டு, சக்கரம் நின்றாலே அது தெரிந்துவிடும்படி செய்யும் டிராக் சர்க்யூட்டுக்கு அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதை லீவரோடு இணைத்திருந்தால் லீவர் வந்திருக்காது. 43 வருடம் கழித்தும் அங்கே அது இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மனித மறதியைக் குற்றம் சொல்லித் தண்டனை கொடுப்பது சுலபம்.

---

ஒற்றைத்தடம் எழுதியது:

ஒரே தடத்தில் இரு பக்கமும் ரயில் வரும் பாதைகளில் டோக்கன்தான், அதாவது தடத்தில் போக டிரைவரிடம் கொடுக்கும் அனுமதிப் பொருள்தான், காவல். 1874-ல் இங்கிலாந்தின் தோர்ப்பில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு, எட்வர்ட் டையர் 1878-ல் டேப்ளட் (தகடு வடிவ டோக்கன்) கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி, மின்சாரத்தால் இணைக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து ஒரு டேப்ளட்டை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. டிரைவர் கையில் அது இருந்தால்தான் தடம் அவருடையது.

நிற்காத ரயிலுக்கு இதை வளையத்தில் கட்டி, பிளாட்பாரத்தில் ஒருவர் நீட்டிக்கொண்டு நிற்பார். ஃபயர்மேன் கையைக் கொடுத்து வாங்குவார். வேகம் கொஞ்சம் கூடினாலும் தோள்பட்டை வரைக்கும் அடி விழும், முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருக்கும். வாங்கத் தவறினால் ரயிலை நிறுத்திவிட்டு, இருட்டில் தேடி எடுத்த பிறகே நகர வேண்டும்.

---

கம்பிவழி எழுதியது:

தம்பி, மாதிரி செய்யப் போவதாகச் சொன்னீர்கள். இரும்பை வெட்டும் முன் அட்டவணை போடுங்கள். லீவர் எண்களை ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கேள்வி: இதை இழுக்க முன்னதாக எது இழுபட்டிருக்க வேண்டும், இது இழுபட்டால் எவை வராமல் நிற்க வேண்டும், எது எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே பூட்டப்பட வேண்டும். ஒரு மெயின் (நேர்த்தடம்), ஒரு லூப் (ஒதுங்கும் கிளைத்தடம்), ஒரு பாயிண்ட், அதற்கு ஒரு பூட்டு, இரண்டு ஹோம் சிக்னல் (நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் சிக்னல்). நான்கு லீவர் போதும். இரண்டு சிக்னலும் ஒரே நேரத்தில் வரக் கூடாது என்பதைத் தனியாகக் கட்டை வைத்துத் தடுக்காதீர்கள். ஒன்றுக்குப் பாயிண்ட் ஒரு பக்கம், மற்றதற்கு மறுபக்கம் வேண்டும் என்று வைத்தாலே அது வந்துவிடும். பட்டைகளைத் தடித்த அட்டையில் வெட்டிப் பார்த்து, ஓடுகிறதா என்று தெரிந்த பிறகு உலோகத்துக்குப் போங்கள். அட்டவணை எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.