பீரோ அடியில் ஜாமு

குழு: நம்ம வீடு

27 டிசம்பர் 2023, புதன்

மாமா காஞ்சிபுரம்: மாப்பிள்ளை, இன்றோடு நாலு நாள். பூனைக்குட்டி இன்னும் பீரோ அடியிலேயே கிடக்கிறான். குனிந்து பார்த்தால் இரண்டு கண் மட்டும் மின்னுகிறது.

நான்: கிடக்கிறாள், மாமா. மூன்று நிறம் இருந்தால் அநேகமாகப் பெண்தான். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செம்மஞ்சளும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும்.

மாமா காஞ்சிபுரம்: வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் உனக்குக் கட்டுகிற ஃபீஸ் வீண் போகவில்லை. சரி, பெண்தான். கோபக்காரப் பெண்.

சித்தி வேளச்சேரி: ஜாமுவை அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா. 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் கார் ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவள் கத்தின கத்தலில்தான் மூன்று குட்டிகளும் பரண்மேல் இருப்பதே தெரிந்தது. அன்னக்கூடையில் வைத்து மிதக்கவிட்டுக் கொண்டுவந்தோம். தாய் மதில் மேலேயே நடந்து கூட வந்தது.

அண்ணன் தாம்பரம்: என் ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போன மற்ற இரண்டு குட்டிகள், கேசரியும் சாம்புவும், முதல் ராத்திரியே சோபாவில் ஏறிவிட்டார்களாம். இப்போது திரைச்சீலையில் தொங்குகிறார்கள்.

மாமா காஞ்சிபுரம்: அங்கே இரண்டு பேர். இவள் தனி ஆள்.

அம்மா: தம்பி, தாய்ப்பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். அந்தக் கணக்கில் இது இவளுக்கு மூன்றாவது வீடுதான். பயப்படாதா?

நான்: சாப்பிடுகிறாளா மாமா?

மாமா காஞ்சிபுரம்: நாங்கள் தூங்கினபிறகு. காலையில் தட்டு காலி. மணல் தட்டிலும் போயிருக்கிறாள்.

நான்: அப்படியென்றால் கவலையே இல்லை. இழுத்து மட்டும் வெளியே எடுக்காதீர்கள். பால் வைக்கிறீர்களா?

அத்தை: அரை டம்ளர் வைத்தேன் கண்ணா. பூனை என்றால் பால்தானே?

நான்: வேண்டாம் அத்தை. தாய்ப்பால் மறந்தபிறகு நிறைய பூனைகளுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தண்ணீர் போதும். கோழியை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்துப் பிய்த்து, கடைத் தீனியோடு கொடுங்கள்.

அத்தை: நேற்றுத் தும்மினாள். குரோசினில் கால் மாத்திரை கரைத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன்.

நான்: ஐயோ அத்தை!! பாரசிட்டமால் பூனைக்கு விஷம். கால் மாத்திரைகூடக் குட்டியின் உயிரை எடுத்துவிடும். தும்மல் நிற்காவிட்டால் டாக்டரிடம்தான்.

அத்தை: நல்லவேளை கேட்டேன். டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

சித்தி வேளச்சேரி: என் பழைய வாயில் புடவையில்தான் மூன்றும் படுத்திருந்தன. துவைக்கவில்லை. அனுப்பட்டுமா?

நான்: உடனே அனுப்புங்கள் சித்தி. அவளுக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

மாமா காஞ்சிபுரம்: காஞ்சிபுரத்துக்கே புடவையா! கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாயே.

சித்தி வேளச்சேரி: கிழிந்த ஊசி அண்ணா. காசு வேண்டாம்.

29 டிசம்பர் 2023, வெள்ளி

மாமா காஞ்சிபுரம்: பார்சல் வந்தது. பீரோ பக்கத்தில் மடித்து வைத்தேன். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். தலையங்கம் முடிந்தது. விளையாட்டுப் பக்கமும் முடிந்தது. வரி விளம்பரத்தில் இருக்கும்போது ஒரு மூக்கு வெளியே வந்தது.

நான்: முறைத்துப் பார்க்கவில்லையே?

மாமா காஞ்சிபுரம்: நீ சொன்ன மாதிரி கண்ணை மெதுவாக மூடித் திறந்தேன். உன் அத்தை எனக்கு மயக்கம் வருகிறது என்று சொம்போடு ஓடி வந்துவிட்டாள்.

அம்மா: 😂😂

அத்தை: இப்போது பாருங்கள். (படம்)

சித்தி வேளச்சேரி: புடவையை மிதிக்கிறாள்! இரண்டு முன்னங்காலாலும் மாவு பிசைகிற மாதிரி!

நான்: தாயிடம் பால் குடிக்கும்போது செய்வது அது. பயம் தெளிந்துவிட்டது. அத்தை, அந்தப் புடவையைத் துவைத்துவிடாதீர்கள்.

அத்தை: நடுக்கூடத்தில் அழுக்குப் புடவை. போகிறது போ.

6 ஜனவரி 2024, சனி

சித்தி வேளச்சேரி: தாய்ப்பூனைக்குக் கருத்தடை ஆயிற்று. காது நுனியில் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். என்னோடுதான் இருக்கப் போகிறது.

நான்: நல்ல வேலை சித்தி. பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். காது வெட்டு, மறுபடி யாரும் பிடித்துப் போகாமல் இருக்க அடையாளம்.

17 ஜனவரி 2024, புதன்

அம்மா: காணும் பொங்கலுக்குக் காஞ்சிபுரம் போனாயே. அடையாளம் தெரிந்ததா அவளுக்கு?

சித்தி வேளச்சேரி: கையை மோந்து பார்த்தாள் அக்கா. ஒரு நக்கு நக்கினாள். அப்புறம் வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் மடியில் ஏறிவிட்டாள்.

அம்மா: அழுதாயா?

சித்தி வேளச்சேரி: அங்கே இல்லை. பஸ் ஏறினபிறகு கொஞ்சம்.

அத்தை: ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று என்று சொன்னாயா? ஒரு அணில் விடாமல் பார்த்துக்கொண்டு பல்லைக் கடகடக்கிறாள்.

நான்: மாமா, சனிக்கிழமை இரண்டாவது ஊசி, கூடவே ரேபிஸ் ஊசி. கூடையை இப்போதே எடுத்துத் திறந்து வையுங்கள். அன்றைக்குக் காலையில் துரத்தினால் மறுபடி பீரோ அடிதான்.

மாமா காஞ்சிபுரம்: நேற்றே எடுத்துப் புடவையை அதற்குள் போட்டுவிட்டேன் மாப்பிள்ளை. இப்போது உள்ளேதான் தூங்குகிறாள். சத்தம் போடாதே.