கஞ்சா 50 ‘இல்லை’, ஓபியேட் 300 ‘பாசிட்டிவ்’: இந்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

கரைவலை:
தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்னை வந்தேன். சிறுநீர்ச் சோதனை அறிக்கையில் இருப்பது இதுதான்: கஞ்சா 50, இல்லை. ஆம்ஃபெட்டமைன் (ஊக்கம் தரும் போதைமருந்து) 500, இல்லை. ஓபியேட் (அபின் வகைப் பொருள்) 300, முதற்கட்டத்தில் பாசிட்டிவ். கிரியேட்டினின் (சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள்) 16, நீர்த்த மாதிரி.

பதினோரு வருடமாகக் கடலில் இருக்கிறேன், பீடிகூடத் தொட்டதில்லை. ‘இல்லை’ என்றால் அந்த 50 யாருடையது? சோதனைக் கார்டை மேசையில் வைத்தபோது எட்டிப் பார்த்தேன். ஓபியேட்டுக்கு ஒரே ஒரு கோடு, மற்றவற்றுக்கு இரண்டு. கஞ்சாவின் இரண்டாவது கோடு நகத்தால் கீறியது போல மங்கல். என் மனைவிக்குச் சோதித்தபோது இரண்டு கோடு வந்ததால்தானே இனிப்பு வாங்கினோம்? இங்கே தலைகீழாக இருக்கிறதே!

சிறுநீர் வரவில்லை என்று இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தேன். முந்தைய நாள் அக்கா வீட்டில் குருமா. கசகசா விஷயத்தில் அவளுக்குக் கை தாராளம். அதனால் இருக்குமோ?

பழைய ஆய்வகத்தான்:
தம்பி, அந்த 50, 500, 300 எதுவும் உங்கள் உடம்பில் இருந்த அளவு அல்ல. பொறியியல் கல்லூரிக்குக் கட்-ஆஃப் பார்க்கிறோமே, அதுதான். ஒரு மில்லி லிட்டரில் அத்தனை நானோகிராமைத் தொட்டால் பாசிட்டிவ்; தொடாவிட்டால் ‘இல்லை’.

கோடு தலைகீழ்தான். கார்டில், தேடுகிற போதைமருந்தே ஏற்கெனவே பூசியிருக்கும். உங்கள் சிறுநீரில் மருந்து இல்லையென்றால், நிறமேற்றிய எதிர்ப்பொருள் (அந்த மருந்தோடு ஒட்டிக்கொள்ளும் புரதம்) ஓடிப்போய் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது கோடு விழும். சிறுநீரிலேயே மருந்து இருந்தால் அது வழியிலேயே எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். பூச்சுக்கு எதுவும் மிஞ்சாது, அந்தக் கோடும் விழாது. மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான். இருபத்தேழு வருடத்தில் இதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

கிரியேட்டினின் 20க்குக் கீழே இருப்பது அந்த இரண்டு லிட்டரின் வேலை. ஆனால் நீர்த்த மாதிரியிலும் ஓபியேட் பிடிபட்டிருக்கிறது என்றால் அதைத் தள்ளிவிட முடியாது. ஜி.சி.எம்.எஸ். உறுதிச் சோதனை கேளுங்கள். ஓபியேட் வகையில் மார்பினா கோடீனா என்று அதுதான் பிரித்துச் சொல்லும். இருமல் மருந்து ஏதாவது குடித்தீர்களா? லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை?

நங்கூரம்:
கசகசாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் அண்ணா. அதில் மார்பின் ஒட்டியிருப்பது உண்மை. தாராளமாகச் சாப்பிட்டால் இரண்டு நாள்வரைகூடக் காட்டலாம். அமெரிக்காவில் அரசு வேலைகளுக்கான சோதனையில் 300 ஆக இருந்த கட்-ஆஃப் 1998இல் 2000 ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். துபாய்க்குப் போகிறவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

கரைவலை:
ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. மூன்று இரவு இருமல். மச்சான் அலமாரியில் இருந்த சிரப்பை மூடியில் ஊற்றிக் குடித்தேன். இப்போது பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் ‘கோடீன் பாஸ்பேட்’.

பழைய ஆய்வகத்தான்:
அகப்பட்டுவிட்டது. கோடீனில் ஒரு பங்கை நம் கல்லீரலே மார்பினாக மாற்றும். அதனால் அறிக்கையில் இரண்டும் வந்தால் பதறாதீர்கள். பார்க்க வேண்டியது 6-அசிட்டைல் மார்பின். அது ஹெராயினிலிருந்துதான் வரும். பாட்டிலையும் மருத்துவர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கரைவலை:
உறுதி அறிக்கை வந்துவிட்டது. கோடீன் அதிகம், மார்பின் அதில் பாதிகூட இல்லை, 6-அசிட்டைல் மார்பின் இல்லவே இல்லை. ஆனால் சீட்டு மச்சான் பெயரில் இருக்கிறது ஐயா. திங்கட்கிழமை பாட்டிலோடு போய் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். அக்காதான், ‘என் குருமாவையா சந்தேகப்பட்டாய்’ என்று இரண்டு நாளாகப் பேசவில்லை.