வீட்டில் தைக்கும் சுருக்குப்பை, தொப்பி, தாம்பூலப் பை: வாங்க வந்தவர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

மதுரையிலிருந்து

வீட்டில் துணிப்பொருள் தைக்கிற எல்லோருக்கும் வணக்கம். சுருக்குப்பை, ஹேர்பேண்ட், பர்ஸ், தாம்பூலப் பை என்று எது தைத்தாலும் சரி, அதைத் தேடி வந்தவர்களோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தை எழுதுங்கள். எப்படித் தைப்பது என்று சொல்ல வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. பையைக் கையில் வாங்கி, திருப்பி, உள்ளே விரலை விட்டுப் பார்க்கிறவர் சொல்லிக்கொடுப்பது வேறு. முதலில் நானே தொடங்கிவிடுகிறேன்.

நான் பெரும்பாலும் சுருக்குப்பைதான் தைக்கிறேன். சுங்குடிச் சேலைக் கடைகளில் கிடைக்கிற துண்டுத் துணியும், தெரிந்த தையற்காரர்களிடம் மிஞ்சுகிற பிட்டும்தான் மூலப்பொருள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்தில் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்து, சித்திரைத் திருவிழாவில் அழகர்மீது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பைத் தைப்பார்களே, அவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. துணியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் வீணாகாமல் வெட்டலாம் என்ற கணக்கை அவர்கள் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் ஒரு மேஜை போட்டு விற்றபோது வந்த ஒரு பாட்டியை முதலில் சொல்ல வேண்டும். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மேஜையில் சாட்டின் கயிறு கோத்த பைகளும் இருந்தன, முறுக்கிய பருத்திக் கயிறு கோத்தவையும் இருந்தன. நிறத்தையோ மணியையோ பாட்டி பார்க்கவேயில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சுருக்கி, உள்ளங்கையில் வைத்து லேசாகக் குலுக்கினார். சாட்டின் கயிறு போட்டவற்றை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

“வழுக்குற கயித்தப் போட்டா இடுப்புல இருக்கும்போதே வாயத் தொறந்துக்கிரும்த்தா. விழுந்த காச யாரு எடுத்துக் குடுப்பா?”

அப்புறம் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். வாய் முழுதாக விரிய வேண்டும், கண்ணால் பார்க்காமலே கை உள்ளே போய் வர வேண்டும் என்றார். சுண்ணாம்பு டப்பியும் சில்லறையும் ஒரே இடத்தில் கிடக்கக்கூடாது, உள்ளே ஒரு தடுப்பு வேண்டும் என்றார். பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு கையால் காசு எடுக்கிறவருக்கு என்ன வேண்டும் என்பதை எனக்கு அவரைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அந்த மேஜையில் இருந்ததிலேயே சாதாரணமான ஒரு பையை, பேரம் பேசாமல், சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு எல்லாப் பைக்கும் பருத்திக் கயிறுதான். புதிதாகத் தைக்கிறவர்களுக்காக அளவையும் சொல்லிவிடுகிறேன். தைத்து முடித்தபின் 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம் வருகிற பைக்கு, 8 அங்குலத்துக்கு 11 அங்குலம் என்று இரண்டு துண்டு வெட்டுங்கள். தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் போகும், மீதி மேல்பக்க மடிப்புக்கு. கயிறு ஓடுகிற இடம் முக்கால் அங்குலமாவது இருந்தால்தான் துணி சீராகக் கொசுவும். உள்ளே லைனிங் கொடுங்கள். லைனிங் இல்லாத பையில் சில்லறை கனம் ஏறினால் சீக்கிரமே தையலோரம் பிசிறு விடும். சுங்குடி என்றால் வெட்டுவதற்கு முன்னால் கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயப்போட்டுத்தான் வெட்ட வேண்டும். அரக்கும் கருநீலமும் சாயம் விடும், துணியும் கொஞ்சம் சுருங்கும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றாமல், புள்ளியை அச்சடித்த துணியும் அதே பெயரில் கடைக்கு வருகிறது. கையால் முடிச்சிட்ட துணியில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, புதிதாக இருக்கும்போது முடிச்சு இருந்த இடம் சற்றுக் குவிந்து நிற்கும். என்னிடம் வாங்குகிறவர்களுக்கு எது முடிச்சு, எது அச்சு என்று காட்டித்தான் கொடுக்கிறேன். அச்சுத் துணியில் தைத்தது குறைந்த விலைதான், அதை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் சொல்லாமல் விற்பது, அந்த முடிச்சைப் போட்ட பெண்களுக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஒரு பட்டுச்சேலை. மூன்று அக்கா தங்கைகள் சேர்ந்து வந்தார்கள். இறந்துபோன அம்மாவின் கல்யாணப் பட்டு. மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது, கட்ட முடியாது. தெருவில் பழைய பட்டு வாங்க வந்தவர் ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காக நல்ல தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். கடைசித் தங்கைக்கு மனம் வரவில்லை. “ஆளுக்கு ஒரு பை வர்ற மாதிரி தைக்க முடியுமா அக்கா?” என்று கேட்டார்.

வெட்டுவதற்கு முன்னால் சேலை முழுவதையும் கட்டிலில் விரித்து, அவர்கள் மூவரையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன். இழை பிரிகிற இடம் எல்லாம் உதவாது. முந்தானையும் கரையும் உறுதியாக இருந்தன, உடல் பகுதியில் பாதிக்கு மேல் தேறவில்லை. மெல்லிய மல் துணியைப் பின்னால் கொடுத்து, இரண்டையும் ஒரே துணியாக ஓட்டித் தைத்துவிட்டு அப்புறம்தான் வெட்டினேன். பழைய பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி போதும், தடித்த ஊசி போட்டால் ஓட்டை நின்றுவிடும். இஸ்திரி போடுவது உள்பக்கம்தான், அதுவும் மேலே ஒரு துணி விரித்து.

மூன்று பைக்கும் முந்தானையின் ஜரிகை சமமாக வர வேண்டும் என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஒருத்திக்கு மயில் வந்து இன்னொருத்திக்கு வெறும் கட்டம் வந்தால், அது பிறகு பேச்சாகிவிடும். காகிதத்தில் வரைந்து, அடுக்கி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வாங்க வந்த அன்று மூத்தவர்தான் முதலில் அழுதார். கூலியை நான் குறைத்துச் சொன்னபோது, “அம்மா சேலைய வெட்டத் தைரியம் வேணும், அதுக்கும் சேத்து வாங்கிக்கங்க” என்று கூடுதலாகவே கொடுத்தார்.

சரி, இனி நீங்கள் எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து

வணக்கமுங்க. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தைப்பேன். எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். குழந்தைகளுக்கான ஹேர்பேண்ட், தொப்பி எல்லாம் அதில்தான். பனியன் துணிக்குச் சாதாரண ஊசி ஆகாது. முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போட்டால்தான் இழை அறுந்து ஓட்டை விழாமல் இருக்கும். ஹேர்பேண்ட் என்றால் துணி எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் தலையைச் சுற்றி வருகிற மாதிரி வெட்டுங்கள். ரிப் துணியாக (பனியன் கழுத்தில் வருகிற, வரிவரியாக நன்றாக இழுபடுகிற துணி) இருந்தால் எலாஸ்டிக்கே தேவையில்லை, குழந்தையின் நெற்றியில் தடம் விழாது.

எனக்கு மறக்க முடியாத ஆள் என்றால் எங்கள் வீதியில் இருந்த ஒரு அம்மாதான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், முடி எல்லாம் கொட்டிவிட்டது. கடைத் தொப்பி போட்டால் தலை முழுக்க எரிகிறது, துணியில் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் வைத்திருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். நைலான் கலந்த துணி, உள்ளே ஓவர்லாக் தையல் தடிமனாக, அதற்கு மேலே ஒரு லேபிள். சும்மா இருக்கிற தலைக்கே அது உறுத்தும்.

சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய சுத்தப் பருத்திப் பனியன் துணியில் இரண்டு தொப்பி தைத்து, ஒன்றுக்குள் ஒன்று வைத்து, தையல் இரண்டும் நடுவில் மறைந்துபோகிற மாதிரி முடித்தேன். உள்ளே தொட்டால் தையலே தட்டுப்படாது. எலாஸ்டிக் இல்லை, லேபிள் இல்லை. வாசனை இல்லாத சோப்பில் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எவ்வளவு என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

“காசு வாங்கலீன்னா இன்னொண்ணு வேணும்னு கேக்க எனக்கு வாய் வராதுங்க தம்பி. எனக்கு மாத்துக்கு ஒண்ணு வேணும். பக்கத்துப் பெட்ல இருக்கற புள்ளைக்கும் ஒண்ணு வேணும்” என்றார்கள்.

துணிக்கும் நூலுக்கும் ஆனதை மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா மூலமாக இன்னும் பலர் கேட்டு வந்தார்கள். விலை சொல்வது என்றால் அன்றுவரை எனக்குக் கூச்சமாக இருந்தது. விலை வைத்தால் கேட்கிறவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்பதை அவர்கள்தான் புரியவைத்தார்கள். இப்போது நல்லபடியாக இருக்கிறார்கள், முடியும் வளர்ந்துவிட்டது.

மயிலாப்பூரிலிருந்து

திருப்பூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். இரண்டடுக்குத் தொப்பியை நானும் தைத்துப் பார்க்கப் போகிறேன்.

என் பக்கம் எல்லாம் நவராத்திரி ஆர்டர்தான். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் பிட் இருக்கிறதே, அது வீடு வீடாகச் சுற்றுவது நம் எல்லோருக்கும் தெரியும். பீரோ நிறைய அப்படிச் சேர்ந்த பிட்டுகளை வைத்திருந்த ஒரு மாமி, “இதையெல்லாம் பையாத் தச்சுக் குடேன், இந்த வருஷம் அதுலயே தாம்பூலம் போட்டுக் குடுக்கறேன்” என்றார். மதுரைத் தோழி சொன்ன அதே அளவில், 80 சென்டிமீட்டர் பிட்டில் நான்கு பைக்கான துணி வரும். ஓரத்தில் மிஞ்சுகிற 3 அங்குலப் பட்டையில் 8 அங்குல எலாஸ்டிக் கோத்தால், தலைமுடியைக் கட்டுகிற ஒரு ஸ்க்ரஞ்சி. மாமியின் பேத்திகளுக்கு அதுதான் பிடித்தது. டூ பை டூ என்கிற ஜாக்கெட் துணியில் வந்த பிட் என்றால் துணி மெலிசு, உள்ளே இன்னொரு பிட்டை லைனிங்காகப் போட்டுவிடலாம்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. இரண்டுக்கும் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் துணித் தாம்பூலப் பை வேண்டும் என்று அவர்களாகவே கேட்கிறார்கள். தேங்காயும் பழமும் வைக்கிற பைக்கு அடியில் இரண்டு மூலையையும் முக்கோணமாக மடித்துத் தைத்துவிடுங்கள், பை நிமிர்ந்து நிற்கும். கைப்பிடியைப் பைக்குள் ஒன்றரை அங்குலமாவது இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்குத் தையல் போட்டால்தான் தேங்காய்க் கனத்தைத் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஆர்டர் என்றால் பாதிப் பணம் கைக்கு வராமல் துணியில் கத்திரி வைக்காதீர்கள். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பெயர் போட்டுப் பை கேட்டவர்கள், எல்லாம் தைத்து முடிந்தபிறகு வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். பெயர் அச்சிட்ட பையை வேறு யாருக்கு விற்க முடியும்? அந்த வாரம் முழுக்கத் தூக்கமே இல்லை. இப்போது முன்பணமும் தேதியும் எழுத்தில் இருந்தால்தான் வேலை தொடங்குகிறேன், யாராக இருந்தாலும்.

நாகர்கோவிலிலிருந்து

நான் இப்போதுதான் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் “நல்லாருக்கே, எனக்கு ரெண்டு தச்சுத் தா” என்கிறார்கள். கொடுக்கவும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் துணிக்கே பணம் போய்விடுகிறது. சுருக்குப்பைக்கு எவ்வளவு விலை வைக்கலாம் அக்கா?

மதுரையிலிருந்து

தங்கச்சி, பரிசாகக் கொடுப்பதை நீயே தீர்மானித்துக் கொடு. பிறந்தநாள், வளைகாப்பு என்று நீயாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது பரிசு. அவர்களாகக் கேட்டால் அது ஆர்டர். திருப்பூர்த் தம்பி சொன்ன அந்த அம்மாவின் வார்த்தையை நினைத்துக்கொள். விலை தெரிந்தால் சொந்தக்காரர்களும் கூச்சமில்லாமல் இரண்டாவது பை கேட்பார்கள்.

விலைக்கு என் கணக்கு இது. மேல்துணி, லைனிங், கயிறு, மணி, நூல் எல்லாம் சேர்ந்து 40 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள். ஒரு மணி நேரத்தில் உன்னால் இரண்டு பை முடிக்க முடிந்தால், மணிக்கு 100 ரூபாய் கூலி போட்டாலும் ஒரு பைக்கு 50. அதோடு மெஷின் எண்ணெய், ஊசி, கரண்ட், கடைக்குப் போய்வரும் செலவு என்று 10 ரூபாய் சேர். 100 ரூபாய்க்குக் கீழே இறங்காதே. வெட்டுவது, இஸ்திரி போடுவது, கயிறு கோப்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும், தையல் நேரத்தை மட்டும் எண்ணாதே. துணி சும்மா கிடைத்திருந்தாலும் அதற்கு ஒரு விலை போட்டுவை, அடுத்த முறை வாங்கித்தான் தைக்க வேண்டியிருக்கும்.

கயிற்று அளவு நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பை அகலத்தை இரண்டால் பெருக்கி 8 அங்குலம் கூட்டு. 7 அங்குலப் பைக்கு 22 அங்குலம், அப்படி இரண்டு கயிறு. ஒன்று இடப்பக்கம் நுழைந்து சுற்றி இடப்பக்கமே வெளியே வர வேண்டும், மற்றது வலப்பக்கம். முதல் பையைத் தைத்ததும் உன் வீட்டிலோ பக்கத்திலோ இருக்கிற பாட்டி கையில் கொடுத்துச் சுருக்கச் சொல்லிப் பார். அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுது.