கிளிப்பா, நீராவியா: புராஸ்டேட் வீக்கத்துக்கு எது?

இரவுத்தூக்கம்:
வயது 64. ஸ்கேனில் சுரப்பி 52 கிராம். சிறுநீர் தடையின்றிப் போகத் தரும் டாம்சுலோசின் மாத்திரை போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது; விட்டால் சிறுநீர் நின்று நின்று சொட்டுகிறது. கிளிப் போடும் யூரோலிஃப்ட், நீராவி செலுத்தும் ரெசூம் இரண்டையும் சொல்லி, யோசித்து வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

கிளிப்காரன்:
யூரோலிஃப்ட்தான் ஐயா. வெட்டுவதில்லை, சுடுவதில்லை. திரைச்சீலையை இருபுறமும் ஒதுக்கிக் கட்டுவதுபோல் வீங்கிய மடல்களைக் கிளிப் போட்டு இழுத்து நிறுத்துகிறார்கள். சிறுநீர் வடியப் போடும் கதீட்டர் குழாயை மறுநாளே எடுத்துவிட்டார்கள். சிறுநீர்ப் பாதை வழியாகச் சுரப்பியைச் செதுக்கி எடுக்கும் டி.யு.ஆர்.பி. செய்தவர்களில் பலருக்கு விந்து சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆவிபிடித்தவன்:
அண்ணா, திரைக்குப் பின்னால் சதை அப்படியேதானே இருக்கிறது? வளரவும் செய்யும். யூரோலிஃப்ட் ஆய்வில் 5 ஆண்டுகளுக்குள் 13.6 சதவீதத்தினர் மறுபடி அறுவைச் சிகிச்சைக்குப் போனார்கள். ரெசூம் ஆய்வில் 4.4 தான். ஒவ்வோர் இடத்திலும் 9 விநாடி நீராவி. செத்த திசுவை உடலே மெல்லக் கரைத்துவிடும்.

கிளிப்காரன்:
அவை தனித்தனி ஆய்வுகள் தம்பி. வேறு வேறு ஊரில் ஓடிய இருவரில் யார் முதல் என்று கேட்பதுபோல் இருக்கிறது. உங்கள் முதல் மாதக் கதையையும் சொல்லுங்களேன்.

ஆவிபிடித்தவன்:
சொல்கிறேன். ஆறு நாள் கதீட்டர். வேட்டியால்தான் மானம் தப்பியது. மூன்று வாரம் எரிச்சல், இடையிடையே இரத்தம். இரண்டாம் மாதம்தான் தாரை சீரானது.

பழையகம்பவுண்டர்:
இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே! ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே வந்தால், அதற்குச் சுரப்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் அளந்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவுத்தூக்கம்:
மூன்று முறை எழுகிறேன். அளந்து பார்க்கிறேன். சுரப்பியின் நடுமடல் சிறுநீர்ப்பைப் பக்கம் துருத்தியிருப்பதாகவும் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ஆவிபிடித்தவன்:
அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நடுமடலுக்குள்ளும் ஆவி செலுத்தலாம்.

கிளிப்காரன்:
யூரோலிஃப்ட்டின் முதல் பெரிய ஆய்வில் நடுமடல் அடைத்தவர்களைச் சேர்க்கவில்லை என்பது உண்மை. பிறகு அதற்கும் முறை வந்தது. ஆனால் அதைச் செய்து பழகிய கை வேண்டும். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள்.

இரவுத்தூக்கம்:
ஐந்து வாரத்தில் மகள் கல்யாணம். அதனால்தான் அவசரம்.

ஆவிபிடித்தவன்:
அப்படியானால் கல்யாணம் முடியட்டும் ஐயா. எரிச்சலோடு மணமேடையில் உட்கார முடியாது.

கிளிப்காரன்:
இதில் மட்டும் தம்பி பக்கம்தான் நான்.