மனம் சோர்ந்தால் கற்பிப்பதும் சோர்ந்துவிடுகிறதா?

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர்):
பதினோரு ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன். எங்கள் மையத்தில் உதவியாளர் பணியிடம் ஓராண்டாகக் காலியாக இருப்பதால், சமையல், எடை பார்ப்பது, போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் பதிவது, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருவது என எல்லாமே என் தலையில் விழுகின்றன. சென்ற வாரம் மூன்று வயதுக் குழந்தையொன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வழியில் பார்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்ல வந்தது. கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமலே "போய் உட்காரு" என்றேன். அன்று முழுவதும் அது என் பக்கம் வரவில்லை. மன மீள்திறனை, அதாவது இன்னலிலிருந்து மீண்டெழும் ஆற்றலை, வளர்த்துக்கொண்டால் பணித்திறன் தானாக உயரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அது என் கையில் மட்டுமா இருக்கிறது?

பதில் (ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்):
சகோதரி, உங்கள் பதிவேடுகளில் அன்று ஒரு குறையும் இருந்திராது. இந்தப் பணியில் களைப்பு முதலில் பேச்சில்தான் தெரியும். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வை மூன்றாகப் பிரித்தார்: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரிடமிருந்து மனம் விலகுவது, எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. உங்களுக்கு அன்று நேர்ந்தது இரண்டாவது. பெரிய வகுப்பு ஆசிரியர் சோர்ந்த நாளில் பாடநூலைக் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு உங்கள் முகமும் குரலும்தான் பாடம் என்பதால், நமக்கு அந்த வசதி இல்லை. எடைப் பதிவை மட்டும் பார்த்துப் பணித்திறனை மதிப்பிட்ட காலத்தை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன்.

பதில் (ஆசிரியர் பயிற்றுநர்):
மீள்திறன் மிகுந்த ஆசிரியர்கள் சிறப்பாகப் பணியாற்றுவதாகச் சொல்லும் ஆய்வுகள் பலவும் ஒரே சமயத்தில் நிரப்பப்பட்ட வினாப்படிவங்களையே நம்பியிருக்கின்றன. போதிய ஆளும் ஆதரவும் உள்ள மையம் மீள்திறன், பணித்திறன் இரண்டையுமே உயர்த்தக்கூடும் என்பதை அவற்றால் மறுக்க முடியாது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடும் இன்னல்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்ததற்கு, அன்பு காட்டிய பெரியவர் ஒருவராவது உடன் இருந்தது முக்கியக் காரணம். பிள்ளைக்குத் துணை தேவையென்றால் ஆசிரியைக்கும் தேவைதானே, அம்மா?

பதில் (மற்றொரு பணியாளர்):
அக்கா, பக்கத்து மையத்தாருடன் பேசி, மாதக் கூட்டத்தில் உதவியாளர் பணியிடத்தை நிரப்பக் கோரி எழுத்தாகவே கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. பிள்ளைகள் மதியம் உறங்கும்வரை நான் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடுகிறேன். நாளைக் காலை அந்த ஆட்டுக்குட்டிக் கதையை நீங்களாகவே கேளுங்கள்.